சித்திரை மாதத்தில் சித்திரையைப் பாருங்கள்: வாசகர் கேள்வி பதில்

கோடை இரவு வானத்தைப் பற்றிக் கேள்வி அனுப்புங்கள் என்று போன மாதம் கேட்டிருந்தேன். வந்ததில் பெரும்பாலானவை மதுரையிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் வந்தவை. அதனால் இந்த முறை முழுக்க மதுரை வானம்தான். ஏப்ரல் 14-ல் பராபவ வருடம் பிறக்கிறது. அன்றிலிருந்து மே 14 வரை, சித்திரை மாதம் முழுவதற்குமான பதில்கள் இவை. நேரம் எல்லாம் மதுரைக் கணக்கு.

*கேள்வி: வெயில் காலம் வந்தால் எங்கள் வீட்டில் எல்லாரும் மொட்டைமாடியில்தான் படுப்போம். அது என்ன நட்சத்திரம், இது என்ன நட்சத்திரம் என்று பிள்ளைகள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எனக்கு நிலாவைத் தவிர ஒன்றும் தெரியாது. எங்கிருந்து ஆரம்பிப்பது ஐயா? (ஒரு வாசகி, மேலூர்)*

பாயை விரித்துப் படுத்துவிட்டீர்கள் அல்லவா, அங்கிருந்தே ஆரம்பிக்கலாம். மே முதல் வாரத்தில் இரவு எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் மல்லாந்து படுத்தால், நெற்றிக்கு நேர் மேலே ஒரு பளிச்சென்ற நட்சத்திரம் இருக்கும், அதுதான் மகம். மதுரை இருக்கிற அட்சரேகைக்கும் மகம் வானத்தில் இருக்கிற இடத்துக்கும் இரண்டே டிகிரிதான் வித்தியாசம் என்பதால் அது கிட்டத்தட்ட உச்சந்தலைக்கே வந்துவிடுகிறது. மாதத் தொடக்கம் என்றால் ஒன்பது மணிக்குப் பாருங்கள். நட்சத்திரங்கள் ஒவ்வொரு நாளும் நாலு நிமிடம் முன்னதாக வரும், பதினைந்து நாளில் அது ஒரு மணி நேரமாகிவிடும், இந்த ஒரு கணக்கு கையில் இருந்தால் போதும். மகத்திலிருந்து வடக்கே பார்த்தால் நாலைந்து நட்சத்திரங்கள் அரிவாள் மாதிரி வளைந்திருக்கும், மகம் அந்த அரிவாளின் பிடி. பிள்ளைகளுக்கு இது உடனே பிடிபடும்.

அப்புறம் வடக்கே திரும்பிப் பாருங்கள். ஏழு நட்சத்திரம், அகப்பை மாதிரி, நாலு கிண்ணத்துக்கு, மூன்று காம்புக்கு: சப்தரிஷி மண்டலம். அந்தக் காம்பு வளைந்துதானே இருக்கிறது, அதே வளைவை வானத்தில் அப்படியே விரலால் நீட்டிக்கொண்டு போனால் கிழக்குப் பக்கம் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பெரிய நட்சத்திரத்தில் போய் முட்டும். அது சுவாதி. கையை எடுக்காமல் இன்னும் அதே வளைவில் தெற்கே போனால் நீலம் கலந்த வெள்ளையில் இன்னொன்று. அதுதான் சித்திரை, இந்த மாதத்துக்கே பெயர் கொடுத்த நட்சத்திரம். என்னைக் கேட்டால் இந்த மாதம் வேறு எதையும் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை, சித்திரை மாதத்தில் சித்திரையை ஒரு தடவையாவது பிள்ளைகளுக்குக் காட்டிவிடுங்கள். வாடகை தருவதற்கும் பள்ளிக்கூடம் திறப்பதற்கும் ஆங்கில மாதம் பார்க்கிறோம், கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் தமிழ் மாதம் பார்க்கிறோம், ஆனால் அந்தத் தமிழ் மாதத்தின் பெயர் வானத்தில் கண்ணுக்குத் தெரிகிற ஒரு பொருளின் பெயர் என்பதை யாரும் நமக்குக் காட்டவில்லை. எனக்கும் முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

சித்திரைக்குப் பக்கத்திலேயே, கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி, கோணல் சதுரம் மாதிரி மங்கலாக ஒரு கூட்டம் இருக்கும். அதுதான் அஸ்தம். அஸ்தம் என்றால் கை, ஐந்து விரலுக்கு ஐந்து நட்சத்திரம். மேலூர்ப் பக்கம் வெளிச்சம் குறைவு, உங்களுக்கு ஐந்தும் தெரியும்.

இன்னொன்றையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். சுவாதியிலிருந்து வெளிச்சம் நம்மிடம் வந்து சேர 37 வருடம் ஆகிறது, அதாவது அவர்கள் பார்ப்பது நீங்கள் சின்னப் பிள்ளையாகவோ பிறக்காமலோ இருந்தபோது கிளம்பிய வெளிச்சம். சித்திரைக்கு ஏறக்குறைய 250 வருடம். வேலு நாச்சியார் சிவகங்கையை விட்டு வந்து விருப்பாச்சியில் தங்கிப் படை திரட்டிக்கொண்டிருந்த காலத்தில் கிளம்பியது இன்றைக்கு உங்கள் மாடியில் வந்து இறங்குகிறது. அது ஒற்றை நட்சத்திரமும் இல்லை. நமது சூரியனைவிடப் பெரிய இரண்டு நட்சத்திரங்கள் நாலே நாளில் ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரியும்.

*கேள்வி: சித்ரா பௌர்ணமி அன்று நிலா சித்திரை நட்சத்திரத்தில் இருக்கும், அதனால்தான் அந்தப் பெயர் என்று படித்தேன். ஆனால் காலண்டரில் பார்த்தால் மே 1-ம் தேதி பௌர்ணமிக்கு வேறு நட்சத்திரம் போட்டிருக்கிறது. எது சரி? (ஒரு வாசகர், செல்லூர்)*

இரண்டும் சரி. கவனமாகப் பார்த்துக் கேட்டிருக்கிறீர்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சித்திரை 1 அன்று சூரியன் மேஷத்தில் நுழைகிறது என்கிறோம். அந்த மேஷத்தின் தொடக்கம் எங்கே இருக்கிறது? வானத்தில் சித்திரை நட்சத்திரத்துக்கு நேர் எதிர்ப்புறம். மேகநாத் சாஹா தலைமையில் நாட்காட்டியைச் சீர்திருத்த 1952-ல் மத்திய அரசு அமைத்த குழு, 1955-ல் கொடுத்த அறிக்கையில் இந்தக் கணக்கைத்தான் எடுத்துக்கொண்டது. ஆகவே வருடப் பிறப்பன்று மாலை நீங்கள் செல்லூர்க் கண்மாய்க் கரையில் நின்றால், ஆறரை மணிவாக்கில் மேற்கே சூரியன் இறங்கும்போது கிழக்கே சித்திரை ஏறும். அந்த நேரத்தில் வெளிச்சம் இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது, எட்டு மணிக்குக் கிழக்கு-தென்கிழக்கில் நன்றாக மேலே வந்துவிடும். புத்தாண்டு அன்று இதைச் செய்து பாருங்கள், பஞ்சாங்கம் வாசிப்பது மாதிரியேதான்.

சரி, பௌர்ணமி என்றால் நிலா சூரியனுக்கு நேர் எதிரே நிற்பது. சித்திரை மாதம் பிறந்த அன்றே பௌர்ணமி வந்தால் நிலா சித்திரை நட்சத்திரத்திலேயே நிற்கும். ஆனால் சூரியன் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி நகர்கிறது. பௌர்ணமி மாதத்தில் எவ்வளவு தள்ளி வருகிறதோ அவ்வளவு டிகிரி நிலாவும் சித்திரையைத் தாண்டிக் கிழக்கே போய்விடும். இந்த வருடம் பௌர்ணமி 18-ம் நாள், மே 1 வெள்ளிக்கிழமை இரவு பத்தே முக்கால் மணியை ஒட்டி. அதனால் நிலா ஏறத்தாழ 17 டிகிரி தள்ளி, சித்திரையை விட்டு அடுத்த நட்சத்திரத்தின் எல்லைக்குள் இருக்கும். மாதப் பெயர் பொதுவான இடத்தைச் சொல்கிறது, அன்றைய நட்சத்திரம் சரியான இடத்தைச் சொல்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம். வைகாசிக்கு விசாகம், கார்த்திகைக்குக் கார்த்திகை, எல்லா மாதத்துக்கும் இதே கதைதான்.

ஆனால் நமக்கு இந்த வருடம் ஒரு அதிர்ஷ்டம். நிலா சித்திரையைக் கடந்து போவது பௌர்ணமிக்கு முந்தின நாள், ஏப்ரல் 30 வியாழக்கிழமை. அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தின நாள் எதிர்சேவை அல்லவா, மூன்றுமாவடியிலும் தல்லாகுளத்திலும் ராத்திரி முழுக்க ஜனம் விழித்துக்கொண்டு நிற்கும் அல்லவா. அன்றைக்கு இருட்டியதும் தென்கிழக்கில் நிலாவைப் பாருங்கள். கையை முழுக்க நீட்டி இரண்டு விரலைச் சேர்த்துப் பிடித்தால் எவ்வளவு அகலமோ, அவ்வளவு தூரத்துக்குள் ஒரே ஒரு நட்சத்திரம் நிலா வெளிச்சத்தையும் மீறித் தெரியும். அதுதான் சித்திரை. திருவிழா விளக்கு, சீரியல் பல்பு எது இருந்தாலும் மறையாது. ராத்திரி போகப் போக இரண்டுக்கும் நடுவே இடைவெளி கூடும், நிலா நகர்வதை ஒரே இரவில் கண்ணாலேயே பார்க்கலாம். மூன்று மணிக்கு மேல் மேற்கே இரண்டும் இறங்கத் தொடங்கும், முதலில் சித்திரை, பின்னாலேயே நிலா. சர்க்கரைச் சொம்போடு வரிசையில் நிற்கிற நேரத்தில் பிள்ளைகளைத் தோளில் தூக்கி இதைக் காட்டுங்கள்.

மே 31 அன்றும் பௌர்ணமி வருகிறதே என்று யாராவது கேட்டால், ஆங்கில மாதக் கணக்கில்தான் மே மாதத்துக்கு இரண்டு. நமக்கு அது வைகாசிப் பௌர்ணமி.

*கேள்வி: வருடத்தில் இரண்டு நாள் மதியம் நிழலே விழாது என்கிறார்களே, மதுரைக்கு அது எந்த நாள்? பள்ளிக்கூடத்தில் செய்து காட்ட வேண்டும். (ஓர் ஆசிரியை, வாடிப்பட்டி)*

இது இரவு வானம் இல்லை என்றாலும் தள்ளிவிட மனமில்லை. மதுரைக்கு ஏப்ரல் 15, 16 இரண்டு நாளையும் வைத்துக்கொள்ளுங்கள், சூரியன் தலைக்கு நேர் மேலே வருகிற இடம் இந்த இரண்டு மதியத்துக்கும் நடுவில் நம்மைக் கடக்கிறது. நேரம் சரியாகப் பன்னிரண்டு இல்லை, 12 மணி 17 நிமிடம். நமது கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு வைத்தது, மதுரை அதற்கு நாலு டிகிரிக்கும் சற்று அதிகமாக மேற்கே இருக்கிறது, அந்தப் பதினேழு நிமிடம் அதனால் வருவது. தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தினால் போதும், உள்ளே வெயில் அடிவரை நேராக இறங்கும், வெளியே நிழல் இருக்காது. தூக்குக்குண்டு வைத்துச் செங்குத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், முக்கால்வாசிப் பேர் தவறவிடுவது அதில்தான். ஏப்ரலில் தவறினால் ஆகஸ்ட் 27-ஐ ஒட்டி இன்னொரு தடவை வரும்.

*கேள்வி: அக்னி நட்சத்திரம் என்று ஒன்று உண்மையிலேயே வானத்தில் இருக்கிறதா? எங்கள் அப்பத்தா அதைப் பார்க்கக் கூடாது என்கிறார். (ஒரு வாசகர், உசிலம்பட்டி)*

இருக்கிறது. அது கார்த்திகை. பழைய முறையில் ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஒரு தேவதை உண்டு, கார்த்திகைக்கு அக்னி. சூரியன் பரணியின் பின்பகுதியில் தொடங்கி, கார்த்திகை முழுவதையும் கடந்து, ரோகிணியின் முதல் பாதத்தை முடிக்கிற வரைக்கும் உள்ள நாட்கள்தான் கத்திரி. வழக்கமாக மே 4-ல் தொடங்கி 28-ஐ ஒட்டி முடியும். அந்த நாட்களில் கார்த்திகை சூரியனோடு சேர்ந்தே உதித்துச் சேர்ந்தே மறைகிறது. எனவே அப்பத்தா சொல்வதில் பாதி உண்மை, பார்க்கக் கூடாது என்பதைவிடப் பார்க்கவே முடியாது.

ஆனால் கத்திரிக்கு முன்னால் பார்க்கலாம். ஏப்ரல் மூன்றாவது, நாலாவது வாரங்களில் மாலை ஏழே காலுக்கு மேற்கே, தாழ்வாக, குட்டித் திராட்சைக் கொத்து மாதிரி இருக்கும். ஆறு நட்சத்திரம் எண்ணலாம், நல்ல கண் என்றால் ஏழு. உசிலம்பட்டியிலிருந்து மேற்கே பார்த்தால் மலைத்தொடர் இருக்கும், அது கொஞ்சம் மறைக்கும், திறந்த இடமாகப் பார்த்து நில்லுங்கள். ஒவ்வொரு நாளும் கீழே இறங்கி, மே முதல் வாரத்தில் அந்தி வெளிச்சத்துக்குள் கரைந்துபோகும். கத்திரி பிறப்பதை இப்படியும் பார்க்கலாம். காலண்டர் இல்லாத காலத்தில் உழுகிறவர்கள் இப்படித்தான் நாள் பார்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

வெயிலுக்குக் காரணம் அந்த நட்சத்திரம் இல்லை. ஏப்ரல் நடுவிலேயே சூரியன் நமது தலைக்கு நேர் மேலே வந்துவிடுகிறது, தரை சூடேறி அந்தச் சூடு சேர்ந்துகொண்டே போக ஒன்றிரண்டு வாரம் ஆகிறது. இடையில் கோடைமழை ஒன்று நன்றாகப் பெய்தால் எல்லாம் மாறிவிடும். மழை பெய்து மேகம் விலகிய இரவுதான் வானம் பார்க்க இந்த மாதத்தில் மிக நல்ல இரவு. தூசி எல்லாம் படிந்திருக்கும். அன்றைக்குத் தூங்கிவிடாதீர்கள்.

*கேள்வி: கொஞ்ச நாளாக மாலையில் மேற்கே மிகப் பிரகாசமாக ஒன்று நிற்கிறது. பக்கத்து வீட்டுத் தம்பி ட்ரோன் என்கிறான். அதற்கு மேலேயும் ஒன்று. என்ன அவை? (ஒரு வாசகி, திருமங்கலம்)*

கீழே இருப்பது வெள்ளி, மேலே இருப்பது வியாழன். ட்ரோன் என்றால் அரைமணி நேரத்துக்கு மேல் நிற்காது, இது எட்டேகால் வரை நின்று, மெல்லத் தொடுவானத்தில் இறங்கும். ஏப்ரல் 19 ஞாயிற்றுக்கிழமை மாலை இதைத் தவறவிடாதீர்கள்: மெல்லிய பிறை, வெள்ளி, கார்த்திகைக் கொத்து மூன்றும் மேற்கே ஒரே பக்கத்தில் சேர்ந்து நிற்கும். 23, 24 தேதிகளில் வெள்ளி கார்த்திகைக்கு மிகப் பக்கத்தில் வரும், பைனாகுலர் இருந்தால் இரண்டும் ஒரே வட்டத்துக்குள் அடங்கும். நான் அந்த இரண்டு நாளுக்காகத்தான் காத்திருக்கிறேன்.

வியாழன் புனர்பூசத்தின் இரட்டை நட்சத்திரங்களுக்குப் பக்கத்தில், மிதுனத்தில் இருக்கிறது, இரவு பதினொரு மணி வரை தெரியும். ஜோதிடத்தில் குரு மிதுனத்தில் என்று போட்டிருப்பார்கள், வானத்திலும் அப்படியே இருக்கிறதா என்று நீங்களே சரிபார்க்கலாம். சாதாரண பைனாகுலரை மாடிக் கைப்பிடிச் சுவரில் ஊன்றிப் பிடித்துப் பார்த்தால் வியாழனுக்கு இரு பக்கமும் பொட்டுப் பொட்டாகப் புள்ளிகள் ஒரே கோட்டில் தெரியும். 1610-ல் கலிலியோ பார்த்த அதே நாலு நிலாக்கள். அடுத்த நாள் பார்த்தால் இடம் மாறியிருக்கும்.

இதையொட்டி வேறு ஒரு வாசகர், ஏப்ரலில் செவ்வாயும் சனியும் சேர்கிறதாமே, பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். ஏப்ரல் 19, 20, 21 தேதிகளில் விடிகாலை ஐந்தே கால், ஐந்தரைக்குக் கிழக்கே தாழ்வாகச் செவ்வாயும் சனியும் நெருங்கி நிற்கும், புதனும் கூடவே சேர்ந்துகொள்ளும். பார்ப்பதற்கு ஒட்டி நிற்பது மாதிரி இருந்தாலும் சனி நம்மிடமிருந்து செவ்வாயைப் போல நாலைந்து மடங்கு தொலைவில் இருக்கிறது. ஒரே தெருவில் பார்க்கும்போது பக்கத்து விளக்குக் கம்பமும் தெருக்கோடி விளக்குக் கம்பமும் ஒன்றாகத் தெரியும் அல்லவா, அப்படித்தான். பயப்பட ஒன்றும் இல்லை, ஆனால் எழுந்து பார்க்க வேண்டியது.

*கேள்வி: எனக்குத் தை மாதம் கல்யாணம் ஆயிற்று. பகல் பதினொரு மணிக்கு மண்டபத்து வாசலில் நிறுத்தி, அருந்ததி தெரிகிறதா என்றார்கள், தெரிகிறது என்று சொன்னேன். பொய் சொன்னது மனசுக்குள் உறுத்துகிறது. உண்மையில் அதை எப்போது, எங்கே பார்க்கலாம்? (ஒரு வாசகி, அண்ணா நகர், மதுரை)*

உறுத்த வேண்டாம் அம்மா, அந்த வாசலில் நின்ற எல்லாரும் அதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். இந்த மாதம் நிஜமாகவே பார்த்துவிடுங்கள், வருடத்தில் அருந்ததி பார்க்க இதைவிட வசதியான காலம் கிடையாது.

மே முதல் வாரத்தில் இரவு ஒன்பது, ஒன்பதரைக்கு இரண்டு பேரும் மாடிக்குப் போங்கள். வடக்கே அந்த அகப்பை. காம்பில் மூன்று நட்சத்திரம் என்று சொன்னேன், அதில் நடுவில் இருப்பவர் வசிஷ்டர். அவரையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால், தோளில் ஒட்டினாற்போல ஒரு சின்னப் பொட்டு தெரியும். அதுதான் அருந்ததி. பழந்தமிழில் இதற்கு வடமீன் என்று பெயர், கற்புள்ள பெண்ணுக்கு உவமையாக அந்தக் காலத்திலேயே சொல்லியிருக்கிறார்கள். இரண்டும் நமக்கு ஏறத்தாழ 80 ஒளியாண்டு தூரத்தில், வானத்தில் சேர்ந்தே நகர்கின்றன. தொலைநோக்கியில் பார்த்தால் வசிஷ்டரே இரண்டாகப் பிரிவார்.

முதலில் தெரியாது. கைபேசியை உள்ளே வைத்துவிட்டுப் பத்து நிமிடம் இருட்டில் உட்கார்ந்த பிறகு பாருங்கள், நேராகப் பார்க்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் பார்த்தால் எளிதாகப் பிடிபடும். ஒருவருக்குத் தெரிந்து இன்னொருவருக்குத் தெரியாவிட்டால் கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கும், வேறு அர்த்தம் எதுவும் இல்லை.

*கேள்வி: சார், தென்சிலுவை ஆஸ்திரேலியாவில்தான் தெரியுமா? மதுரையில் தெரியும் என்று ஒரு நண்பன் சொல்கிறான். (கல்லூரி மாணவர், நாகமலை புதுக்கோட்டை)*

நண்பர் சொல்வது சரி, நன்றாகவே தெரியும். நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே வெறும் பத்து டிகிரியில் இருக்கிறோம். அதனால் வடக்கே துருவ நட்சத்திரம் பத்து டிகிரி உயரத்தில், தெற்கே தென்சிலுவை பதினேழிலிருந்து இருபத்து மூன்று டிகிரி உயரத்தில், இரண்டையும் ஒரே இடத்தில் நின்று திரும்பித் திரும்பிப் பார்க்கலாம். டெல்லிக்காரர்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை, அங்கிருந்து சிலுவை முழுசாக எழும்புவதே இல்லை. நமது மரபில் இதைத் திரிசங்கு என்பார்கள், சொர்க்கத்துக்கும் பூமிக்கும் நடுவே தொங்கியவர். தொடுவானத்துக்குச் சற்று மேலே அது நிற்கிற நிலையைப் பார்த்தால் அந்தக் கதை ஏன் வந்தது என்று புரியும்.

ஏப்ரல் 14-ல் இரவு பதினொன்றே காலுக்கு நேர் தெற்கே நிமிர்ந்து நிற்கும். மே 1-ல் பத்து மணிக்கு மேல், மே 14-ல் ஒன்பதே காலுக்கு. ஒரு முக்கியமான விஷயம்: நகரத்துக்கு வடக்கே போய் நிற்காதீர்கள். அழகர்கோவில் பக்கம் இருட்டு நன்றாக இருக்கும், ஆனால் தெற்கே திரும்பினால் மதுரையின் மொத்த வெளிச்சமும் வானத்தில் மூட்டமாக நிற்கும். நான் முதல் தடவை அந்தத் தப்பைத்தான் செய்து, இரண்டு இரவு வீணாகி, மூன்றாம் இரவு காரியாபட்டி சாலையில் ஆவியூர் தாண்டிப் போய்த்தான் பார்த்தேன். நகரம் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். கள்ளிக்குடிப் பக்கமும் நல்லது. உங்கள் ஊரில் என்றால் நாகமலை வடக்கே இருக்கட்டும், தெற்கே மரம், கட்டடம் இல்லாத வயல்வெளியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். தனியாகப் போகாதீர்கள், வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள், தரையில் காலை வைக்கும்போது டார்ச் அடியுங்கள், வெயில் காலத்தில் பாம்பு ராத்திரிதான் வெளியே வரும்.

சிலுவைக்கு இடப்பக்கம் இரண்டு பெரிய நட்சத்திரங்கள் வரும். சிலுவைக்குத் தள்ளி இருப்பது, இரண்டில் பிரகாசம் அதிகமானது, ஆல்ஃபா சென்டாரி. 4.3 ஒளியாண்டு. சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகில் இருக்கிற நட்சத்திரத் தொகுதி அதுதான்.

இன்னும் இரண்டு வேட்டை தருகிறேன். முதலாவது, அகத்தியர் நட்சத்திரம். இருட்டியதும் தென்மேற்கில் தாழ்வாக ஒற்றையாகத் தெரிவது அதுதான், பொதிகை இருக்கிற திசைக்குப் பக்கமாகவே இறங்கும். இரவு வானத்தின் நட்சத்திரங்களில் பிரகாசத்தில் முதலாவது சிரியஸ், இரண்டாவது அகத்தியர், மூன்றாவது ஆல்ஃபா சென்டாரி, நாலாவது சுவாதி. இந்த நாலையும் ஒரே நேரத்தில் பார்க்க மதுரையில் ஒரு சின்ன இடைவெளி உண்டு. ஏப்ரல் 18-ல் ஒன்பதே காலைத் தாண்டி, மே 6-ல் எட்டு மணி பத்து நிமிடத்துக்கு. அந்த நேரத்தில் அகத்தியர் தென்மேற்கில் ஆறு டிகிரி உயரத்தில் இறங்கிக்கொண்டிருப்பார், ஆல்ஃபா சென்டாரி தென்கிழக்கில் அதே ஆறு டிகிரியில் ஏறிக்கொண்டிருக்கும், தராசின் இரண்டு தட்டு மாதிரி. பத்து நிமிடம் இப்படி அப்படிப் போனால் ஒன்று தூசிக்குள் போய்விடும். அமாவாசை ஏப்ரல் 17 என்பதால் 18 மிகவும் தோதான நாள். நாலையும் பார்த்துவிட்டால் எனக்கு எழுதுங்கள்.

இரண்டாவது, சித்திரை நேர் தெற்கே வரும்போது, மே முதல் வாரம் என்றால் பதினொரு மணியை ஒட்டி, அதிலிருந்து செங்குத்தாகக் கீழே இறங்குங்கள். சித்திரையிலிருந்து தரைக்கு உள்ள தூரத்தில் பாதி இறங்கியதும் மங்கலாக, சரியாகக் குவியாத நட்சத்திரம் மாதிரி ஒன்று. பைனாகுலரில் பஞ்சு உருண்டை. ஒமேகா சென்டாரி என்று பெயர், ஏறத்தாழ ஒரு கோடி நட்சத்திரங்கள் ஒரே உருண்டையாகச் சேர்ந்தது, 17,000 ஒளியாண்டு தூரம். 1677-ல் எட்மண்ட் ஹாலி இதைப் பார்த்து, இது சாதாரண நட்சத்திரம் இல்லை என்று குறித்து வைத்தார். வால்நட்சத்திரத்துக்குப் பெயர் கொடுத்த அதே ஹாலி. ஐரோப்பாவில் பெரும்பாலான ஊர்களுக்கு எட்டாத பொருள் இது, நமக்கு வயல் வரப்பிலிருந்தே கிடைக்கிறது.

*கேள்வி: இந்த மாதம் எரிநட்சத்திரம் விழுமா? (ஒரு வாசகர், சோழவந்தான்)*

ஏப்ரல் 22 இரவு, நடுநிசிக்கு மேல் விடியும்வரை வடகிழக்கு, வடக்குப் பக்கம். நிலா நடுநிசியை ஒட்டி மறைந்துவிடும், அதனால் நல்ல இருட்டு. மணிக்குப் பத்து தெரிந்தால் சந்தோஷப்படுங்கள். 1861-ல் வந்துபோன ஒரு வால்நட்சத்திரம் விட்டுச் சென்ற தூசி அது. மே 6 விடிகாலையில் ஹாலி வால்நட்சத்திரத்தின் தூசியும் வரும், வழக்கமாக நமது பக்கத்துக்கு அது நல்ல பொழிவுதான், ஆனால் இந்த வருடம் பௌர்ணமி கழிந்து ஐந்தாம் நாள் நிலா வானத்தில் இருப்பதால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

*கேள்வி: பையன் பத்தாவது எழுதியிருக்கிறான். லீவுக்கு டெலஸ்கோப் வாங்கித் தரலாமா? எட்டாயிரம் ரூபாய் வரை முடியும். (ஒரு தந்தை, மேலமாசி வீதி)*

இப்போது வேண்டாம். அந்த விலைக்குக் கிடைப்பதில் கண்ணாடி பரவாயில்லாமல் இருந்தாலும் கால் ஆடும். வியாழனைப் பிடித்து வைத்துவிட்டுக் கையை எடுத்தால் வானத்தில் வேறு எங்கோ போய் நிற்கும், பத்து நாளில் பரணுக்கு ஏறிவிடும். எனக்கும் அப்படி ஒன்று இருந்தது, பெட்டியில் போட்டிருந்த படத்தைப் பார்த்து வாங்கியது. அதில் சனியின் வளையத்தைப் பார்க்க ஒரு வருடம் முயன்றேன்.

பத்துக்கு ஐம்பது பைனாகுலர் ஒன்று வாங்கிக் கொடுங்கள், பத்து மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 50 மில்லிமீட்டர். உங்கள் பணத்தில் பாதிக்குமேல் மிஞ்சும். மாசி வீதியில் நட்சத்திரம் குறைவாகத்தான் தெரியும், ஆனால் நிலாவின் பள்ளங்களுக்கும் வியாழனின் நிலாக்களுக்கும் வெள்ளி–கார்த்திகை சேர்க்கைக்கும் உங்கள் மாடியே போதும். எந்தக் காரணத்துக்காகவும் அதைச் சூரியன் பக்கம் திருப்பக் கூடாது, ஒரு நொடியில் கண் போய்விடும், இதைப் பையனிடம் வாங்கிக் கொடுக்கிற அன்றே சொல்லிவிடுங்கள்.

மிஞ்சிய பணத்தில் அவனைக் கொடைக்கானல் கூட்டிப்போங்கள். படகுத்துறையோடு திரும்பிவிடாமல் மேலே சூரிய ஆய்வகத்துக்குப் போங்கள். 1876-ல் தொடங்கி இரண்டு வருடம் சென்னை மாகாணத்தையே சூறையாடிய தாது வருடப் பஞ்சத்துக்குப் பிறகு, பருவமழை பொய்ப்பதற்கும் சூரியனுக்கும் தொடர்பு இருக்குமா என்று ஆராய வேண்டும் என்ற எண்ணம் எழுந்தது, அந்த எண்ணமும் சேர்ந்துதான் 1899-ல் அங்கே ஆய்வகம் வந்தது. 1909-ல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிப்பக்கம் பாய்வதை அங்கிருந்துதான் கண்டுபிடித்தார், உலகம் முழுக்க அதற்கு அவர் பெயர்தான். நூறு வருடத்துக்கும் மேலாகச் சூரியனைப் படமெடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். பார்வையாளர் நேரத்தை விசாரித்துக்கொண்டு பகலில் போங்கள். இரவு அங்கே தங்குவதாக இருந்தால் ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு, ஊர் வெளிச்சத்தை விட்டுத் தள்ளி, தெற்கே திறந்த ஓர் இடத்தில் அவனை நிறுத்துங்கள். பத்தரை மணிக்குச் சிலுவை எங்கே என்று அவனே சொல்லட்டும்.